படைப் பணியினின்று விடை கொடுக்கும் முறை

ஒருவரைப் பணியில் அமர்த்துங்கால் நாம் காட்டும் மகிழ்ச்சியும் மரியாதையும், அவரை அப்பணியினின்று விடுவிக்குங்காலும் நம்மிடத்தே நிலைத்திருக்கின்றனவா என்பது ஆராயத்தக்கதொரு கேள்வி. எந்த அலுவலுக்கும் இக்கேள்வி பொருந்துமாயினும், உயிரையே ஈடாக வைத்து ஏற்கும் படைப் பணிக்கு இது மற்றெல்லாவற்றினும் மிகுதியாகப் பொருந்துமென எண்ணுகிறோம். படை அதிகாரி ஒருவர்க்கு அவருடைய பணி முடிந்ததென்று யார் அறிவிக்கின்றனர், எப்பொழுது அறிவிக்கின்றனர், அவ்வறிவிப்பிற் காரணம் கூறப்படுகின்றதா என்னும் மூன்றையும் இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். இவை அலுவலக நடைமுறையைச் சார்ந்த சிறு செய்திகளென்று சிலர் கருதக்கூடும். நாம் அங்ஙனம் கருதவில்லை. கருதாமைக்குரிய காரணங்களைப் பின்னே காட்டுவோம்.

நந்தனத்திலிருந்து இப்பொருளைப் பற்றி எழுதுவதற்கு ஒரு பொருத்தமும் உண்டு. நம் பகுதியின் ஊடே செல்லும் பெருஞ்சாலை, முன்னர் மவுண்ட் ரோடு என்றும் இப்பொழுது அண்ணா சாலை என்றும் பெயர் பெற்றது, செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அணித்தே தொடங்கிப் பரங்கிமலையை நோக்கிச் செல்கின்றது. கோட்டையிலே கம்பெனி அரசாங்கத்தார் ஆணை பிறப்பித்தனர். பரங்கிமலையிலே சென்னைப் பீரங்கிப் படையார் தங்கியிருந்தனர். ஆணையும் படையும் ஒன்றையொன்று நோக்கி நின்ற இரு முனைகளையும் இணைத்த வழி இது. இன்றும் பரங்கிமலையில் அதிகாரிகளைப் பயிற்றும் கழகம் இருக்கின்றது. 1962ஆம் ஆண்டில் சீனப் போர் மூண்டபின், அதிகாரிகளின் தொகை போதாமையால் அவசரக் கமிஷன் பெறுவோரைப் பயிற்றுவதற்கென 1963இல் அது நிறுவப்பட்டது. 1988 முதல் அதிகாரிகள் பயிற்சிக் கழகம் என்னும் பெயருடன் விளங்குகின்றது. 1992 முதல் மகளிரும் அங்கே பயிற்சி பெற்று அதிகாரிகளாகின்றனர்.

பயிற்சி முடியும் நாளன்று அக்கழகத்தில் நிகழும் சடங்கைக் கண்டவர் எளிதில் மறவார். இலங்கையில் 1987 நவம்பரில் உயிர் துறந்து பரம வீர சக்கரம் பெற்ற மேஜர் பரமேஸ்வரனின் பெயர் தாங்கிய மைதானத்தில் வாத்தியம் முழங்க அணிவகுப்பு நடைபெறும். இளம் அதிகாரிகள் இறுதி அடியை எடுத்து வைத்து மைதானத்தைக் கடப்பர். பின்னர்ப் பெற்றோர் தம் கையாலேயே மக்களின் தோளில் நட்சத்திரம் பொருத்துவர். குடியரசுத் தலைவரின் பெயரால் வழங்கப்படும் கமிஷன் பத்திரம் அவர்கள்பால் தனி நம்பிக்கை வைத்திருப்பதாகக் கூறும். நாட்டின் முதற் குடிமகன் பெயரால் ஓர் இளைஞர்க்கு நம்பிக்கை கூறப்படுவது சிறிய காரியமன்று.

இனி, அந்நம்பிக்கை முடிவுறும் நாளை நோக்குவோம். படை அதிகாரி பணியினின்று நீங்குவது பல வகைப்படும். வயது நிரம்பி ஓய்வு பெறுவோர் ஒரு வகையினர். குறித்த காலம் முடிந்து விடுவிக்கப்படுவோர் மற்றொரு வகையினர். குறுகிய காலக் கமிஷன் பெற்றோர் இவ்வகையைச் சார்ந்தவர். நோயினாலோ காயத்தினாலோ தகுதி குன்றி நீங்குவோர் உளர். தாமே விலக வேண்டி விண்ணப்பிப்போர் உளர். குற்றம் சாட்டப்பட்டு நீக்கப்படுவோரும் உளர். வகை எதுவாயினும் செய்தி ஏட்டு வழியே வருகின்றது. மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் படைப் பிரிவுக்கு வந்து சேரும். பின்னர் இந்திய அரசாங்கக் கெஜட்டின் முதற் பாகம் நான்காம் பகுதியில், பாதுகாப்பு அமைச்சின் அறிவிப்புகளிடையே, எண்ணும் பெயரும் பதவியும் நாளும் கொண்ட ஒரு வரி அச்சாகும். அந்த வரியிற் காரணம் தேடுவது வீண்.

சட்டம் இதனைப் பற்றி என்ன சொல்லுகின்றது என்பதையும் பார்ப்போம். அரசியலமைப்பின் 310ஆம் உறுப்பின்படி, படைப் பணியிலுள்ளோர் குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரையிலேயே பதவி வகிக்கின்றனர். 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 18ஆம் பிரிவும் இதனையே கூறும். சிவில் உத்தியோகஸ்தரை விசாரணையின்றி நீக்கலாகாது என்று காப்பளிக்கும் 311ஆம் உறுப்பு படையினர்க்குப் பொருந்தாது. ஆகவே ஒரு தாசில்தாருக்குரிய காப்பு ஒரு கர்னலுக்கு இல்லை. எனினும் படையினர் முற்றிலும் காப்பின்றி விடப்பட்டனர் என்பதும் சரியன்று. 1954ஆம் ஆண்டு இராணுவ விதிகளின் 14ஆம் விதி, ஒழுக்கக்கேடு காரணமாக ஓர் அதிகாரியை நீக்க எண்ணினால் அவர் தம் விளக்கத்தைக் கூறுவதற்கு வாய்ப்பளிக்க வேண்டுமெனப் பணிக்கின்றது. ஆனால் அதே விதி, அவ்வாய்ப்பை அளித்தல் உசிதமன்று எனக் கருதினால், அதற்குரிய காரணத்தை எழுதி வைத்துவிட்டு வாய்ப்பளியாமலே நீக்கவும் அரசாங்கத்துக்கு இடந்தருகின்றது.

இவற்றினிடையே, பலர் கவனத்துக்கு வாராத ஒரு பிரிவு உண்டு. இராணுவச் சட்டத்தின் 23ஆம் பிரிவே அது. படையினின்று நீங்கும் சிப்பாயும், இளநிலைக் கமிஷன் அதிகாரியும் தம் தலைமை அதிகாரியிடமிருந்து ஒரு சான்றிதழ் பெறவேண்டும் என்று அது விதிக்கின்றது. தம்மை நீக்கிய அதிகாரம் எது, நீக்கியதன் காரணம் யாது, தாம் ஆற்றிய பணியின் முழுக் காலம் எவ்வளவு என்னும் மூன்றும் அச்சான்றிதழில் இருத்தல் வேண்டும். அது ஆங்கிலத்தில் மட்டுமன்றிப் பெறுபவரின் தாய்மொழியிலும் இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டுச் சிப்பாய்க்குத் தமிழிலே, தெலுங்கு நாட்டுச் சிப்பாய்க்குத் தெலுங்கிலே! சட்டம் இயற்றியோர் இவ்வொரு பிரிவில் எத்துணை மனிதத் தன்மையுடன் சிந்தித்திருக்கின்றனர் பாருங்கள். வீடு திரும்பும் ஒருவரைக் கண்டு, ஏன் வந்துவிட்டாய் என்று அண்டை அயலார் கேட்பர். வயது முதிர்ந்த தாய் கேட்பாள். மணம் பேச வருவோர் கேட்பர். அவர்களுக்கெல்லாம் காட்டத்தக்க ஒரு தாள், அவர்கள் படித்தறியத்தக்க மொழியில், அவர் கையில் இருக்கவேண்டுமென்பதே சட்டத்தின் கருத்து.

ஆயின் அந்த 23ஆம் பிரிவில் அதிகாரியின் பெயர் இல்லை. சிப்பாய்க்குக் காரணம் கூறக் கடமைப்பட்ட சட்டம், அவரை நடத்திச் செல்லும் அதிகாரிக்கு அக்கடமையை ஏற்கவில்லை. அதிகாரி கற்றவர், ஆங்கிலம் அறிந்தவர், தமக்கு வேண்டியதைத் தாமே கேட்டறியக் கூடியவர் என்று எண்ணினர் போலும். கற்றவர்க்குக் காரணம் வேண்டுவதில்லையா? இக்கேள்விக்கு நம் சென்னை மாகாணத்தின் பழைய வரலாறே விடை தருகின்றது.

1806ஆம் ஆண்டில் வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததை யாவரும் அறிவர். அதன் விளைவாகச் சென்னைக் கவர்னர் வில்லியம் பெண்டிங்கும், படைத் தலைவர் சர் ஜான் கிரடாக்கும் 1807இல் திருப்பி அழைக்கப்பட்டனர். இலண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர் செய்த முடிவு, கப்பலிலே திங்கட்கணக்காகப் பயணஞ்செய்து சென்னையை அடைந்தது. தம் பக்கத்தைக் கேளாமலே தம்மை விலக்கினர் என்று பெண்டிங்கு நெடுநாள் வருந்தி முறையிட்டார். அவரே 1828இல் கவர்னர் ஜெனரலாக மீண்டும் இந்தியாவுக்கு வந்தார் என்பது, அன்றைய விலக்கம் எவ்வளவு அவசரமானது என்பதைச் சிந்திக்க வைக்கின்றது.

இரண்டே ஆண்டுகட்குப் பின்னர் இதனினும் பெரியதொரு நிகழ்ச்சி நடந்தது. கவர்னர் சர் ஜார்ஜ் பார்லோ செலவைச் சுருக்கக் கருதி, படையினர்க்குக் கூடாரம் அமைக்கும் வகையில் அதிகாரிகள் பெற்றுவந்த படியை 1808இல் நிறுத்தினார். அதற்கு அடிப்படையான அறிக்கையை எழுதியவர் கர்னல் ஜான் மன்றோ என்பவர். படைத் தலைவர் மக்டௌவல், பதவியை விட்டு ஊர் திரும்பும் தறுவாயில், 1809 ஜனவரி 28ஆம் நாளிட்டதோர் ஆணையால் மன்றோவைக் கண்டித்தார். மூன்று நாள் கழித்துக் கவர்னர் வேறோர் ஆணை பிறப்பித்து மக்டௌவலைப் படைத் தலைமையினின்று நீக்கினார். மக்டௌவலின் ஆணையில் ஒப்பமிட்டு அதனைப் படைக்கு அனுப்பிய மேஜர் போல்ஸ் என்பவரையும் பணியினின்று நிறுத்தி வைத்தார். மக்டௌவல் ஏறிச் சென்ற கப்பல் கரை சேரவில்லை. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் இந்துமாக்கடற் புயலில் மறைந்தொழிந்தது. கம்பெனியார் முன்னிலையில் தம் வழக்கை எடுத்துரைக்கும் வாய்ப்பு அவர்க்கு வாய்க்கவேயில்லை.

போல்ஸ் கூறியது யாது? மேலதிகாரி இட்ட கட்டளையின்படி ஒப்பமிட்டேன், படையில் அதுவன்றோ என் கடமை என்றார். அவரை விசாரித்தாரில்லை. தோழர்களாகிய அதிகாரிகள் அவர்க்காகப் பணந் திரட்டினர். கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவுக்கு விண்ணப்பமொன்று எழுதத் தொடங்கினர். அதனை அறிந்த பார்லோ 1809 மே முதல் நாள் ஒரு பொது ஆணையை வெளியிட்டார். அதன்படி அதிகாரிகள் சிலர் பணியினின்று நிறுத்தப்பட்டனர்; வேறு சிலர் தாம் வகித்த தலைமையை இழந்தனர். எந்தச் சான்றைக் கொண்டு தம்மைத் தண்டித்தனர் என்பது அவர்களுக்குக் காட்டப்படவில்லை. விசாரணை மன்றமும் கூடவில்லை. தாமும் மற்றெல்லோருமாக ஒரே ஆணையைப் படித்தறிந்தே தம் நிலையை உணர்ந்தனர்.

விளைவு யாது? மசூலிப்பட்டணத்தில் அதிகாரிகள் தம் தலைவரையே சிறைவைத்தனர். ஹைதராபாத்திலும் ஜால்னாவிலும் சீரங்கப்பட்டணத்திலும் குழப்பம் பரவிற்று. ஆகஸ்டுத் திங்களிற் சித்திரதுர்க்கத்திலிருந்து சீரங்கப்பட்டணத்தை நோக்கி வந்த இரு பட்டாளங்களின்மேல் அரசாங்கப் படையும் மைசூர்க் குதிரைப் படையும் பாய்ந்தன. சிப்பாய்கள் பலர் மாண்டனர். கூடாரப் படியைப் பற்றியும் கெஜட்டைப் பற்றியும் ஒன்றுமறியாத ஏழைகள் அவர்கள்; தம் அதிகாரியைப் பின்பற்றி நடந்ததே அவர்கள் செய்தது. பின்னர் மிண்டோ பிரபு தாமே சென்னைக்கு வந்து, சிலரை மட்டும் விசாரணைக்கு நிறுத்திப் பெரும்பாலோரை மன்னித்தார். நீக்கப்பட்டோருட் பலர் பிற்காலத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். பார்லோவையும் கம்பெனியார் 1812இல் திருப்பி அழைத்துக்கொண்டனர்.

அவ்வதிகாரிகள் செய்தது சரியென்று நாம் வாதாடவில்லை. பணத்தாசையும் கர்வமும் அவர்களிடம் நிறைந்திருந்தன. அரசாங்கத்துக்கெதிராகப் படையைத் திருப்புவது எக்காலத்தும் பொறுக்கத்தகாத குற்றம். படியை நிறுத்தியதிலும் கவர்னர் பக்கமே நியாயம் இருந்ததெனக் கூறலாம். ஆயின் நியாயமான ஒரு முடிவும், அறிவித்த முறையினால் அநியாயமாகத் தோன்றி, ஒரு மாகாணத்தையே கலக்கியது என்பதே நாம் இங்கே கருதவேண்டுவது. விசாரித்துக் காரணங்காட்டி நீக்கியிருந்தால் போல்ஸுக்காகப் பணந் திரட்டியவர்களுட் பாதிப்பேர் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பர்.

இது நிற்க. பிற நாட்டு அநுபவமும் இதனையே காட்டுகின்றது. முதல் உலகப் போர் 1918இல் முடிந்தபொழுது, பிரிட்டனிலே தொழில் காத்திருப்போரை முதலில் விடுவிப்பதென ஒரு திட்டம் செய்தனர். அப்படித் தொழில் காத்திருந்தவர் பெரும்பாலும் கடைசியாகப் படையிற் சேர்ந்தவரே. நான்காண்டு அகழியிற் கிடந்தவர் காத்திருக்க, நான்கு திங்கள் பணி செய்தவர் வீடு சென்றார். 1919 ஜனவரியில் போக்ஸ்டன் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான வீரர் கப்பலேற மறுத்தனர். உடனே அத்திட்டம் மாற்றப்பட்டது. அந்தப் பாடத்தை நன்கு கற்ற அரசாங்கத்தார், இரண்டாம் உலகப் போர் முடியுமுன்னரே, 1944 செப்டம்பரில், புதிய திட்டத்தை வெளியிட்டனர். ஒருவரின் வயதையும் பணிக்காலத்தையும் கூட்டி ஒரு குழு எண் கொடுத்தனர். இரண்டு திங்கட் பணி ஓராண்டு வயதுக்குச் சமமெனக் கணக்கிட்டனர். தம் முறை எப்பொழுது வருமென்பதை எந்த வீரரும் ஒரு தாளும் பென்சிலும் கொண்டு தாமே அறிந்துகொள்ளலாம். இலட்சக்கணக்கானோரை விடுவிக்கும் அப்பெருங் காரியம் அதனால் பெரிதும் ஒழுங்காக நடந்தேறியது. காரணமும் காலமும் தெரிந்தவர் பொறுமையாய்க் காத்திருப்பர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நம் நாட்டிலும் அப்போரின்போது நூற்றுக்கணக்கில் இருந்த இந்திய அதிகாரிகளின் தொகை, போர் முடிவில் 8,000க்கு மேல் உயர்ந்தது. அவர்களுட் பெரும்பாலோர் அவசரக் கமிஷன் பெற்றவர். போர் ஓய்ந்ததும் அவர்களிற் பலர் விடை பெற்றனர். 1962க்குப் பின் எடுக்கப்பட்டோர்க்கும், பரங்கிமலையில் முதன்முதற் பயின்றோர் உட்பட, அதே நிலை வந்தது. நிலையான கமிஷனுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டவர் தங்கினர். ஏனையோர் அப்பத்தாண்டின் பிற்பகுதியிலிருந்து படிப்படியாக விடுவிக்கப்பட்டனர். அவர்களுக்கென நடுவண் அரசாங்கப் பணிகளில் இடம் ஒதுக்கி விதிகள் செய்தது பாராட்டத்தக்கதே. ஆயினும் இருபத்தைந்து வயதிற் பட்டாளத்தை நடத்தியவர் முப்பது வயதில் விண்ணப்பத் தாளுடன் வரிசையில் நிற்பது எளிதன்று. அதற்கு மனத்தைச் சித்தஞ் செய்ய அவகாசம் வேண்டும்.

அவகாசமும் காரணமும் மறுக்கப்பட்டால் நேர்வது யாது என்பதை நம் காலத்து வழக்குகளே காட்டும். 1992 முதல் குறுகிய காலக் கமிஷன் பெற்றுச் சேர்ந்த மகளிர் அதிகாரிகளுக்குப் பெரும்பாலான பிரிவுகளில் நிலையான கமிஷன் நெடுங்காலம் கிட்டவில்லை. 2010இல் டெல்லி உயர் நீதிமன்றமும், 2020 பிப்ரவரி 17ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் அவர்களை நிலையான கமிஷனுக்குக் கருதவேண்டுமெனத் தீர்ப்பளித்தன. அதன்பின் 615 பேரைப் பரிசீலித்து 277 பேர்க்கே அதனை அளித்தனர். விடுபட்டோர் மீண்டும் நீதிமன்றம் சென்றனர். 2021 மார்ச்சு 25ஆம் நாள் அளித்த தீர்ப்பில் நீதியரசர் சந்திரசூட் அந்தப் பரிசீலனை நடந்த முறையை ஆராய்ந்தார். இவர்களுக்கு மேற்பதவி இல்லையென்ற எண்ணத்தினால் ஆண்டுதோறும் எழுதப்படும் இரகசியக் குறிப்புகள் அக்கறையின்றி எழுதப்பட்டிருந்தன. பல்லாண்டு கழித்து அக்குறிப்புகளையே அளவுகோலாகக் கொண்டனர். இளவயதிலே ஆடவர்க்கு வைத்த உடற்சோதனையை நடுவயதடைந்த மகளிர்க்கு வைத்தனர். இவ்விரண்டும் அநீதியென நீதிமன்றம் கூறிற்று.

இவ்வழக்கில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. பிரியும் நாளிற் கொடுக்கும் கடிதம் அன்று தோன்றுவதன்று. பத்தாண்டுகட்கு முன்னே ஏதோவொரு முகாமில், மேலதிகாரி ஒருவர் அசட்டையாக நிரப்பிய ஒரு குறிப்பிலேயே அக்கடிதம் எழுதத் தொடங்கப்பட்டுவிடுகின்றது. இடையிலே எவரேனும் அவ்வதிகாரியை அழைத்து, உன்னிடத்தில் இக்குறை உண்டு, இதனைத் திருத்திக்கொள் என்று கூறியிருந்தால், முடிவு வேறாயிருக்கலாம். அன்றி முடிவு மாறாவிடினும் அதிர்ச்சி இராது. 2025 மே 9ஆம் நாள், எல்லையிற் போர் மூண்டிருந்த வேளையில், வழக்குத் தொடுத்திருந்த மகளிர் அதிகாரிகளை அப்போதைக்கு விடுவிக்க வேண்டா என உச்ச நீதிமன்றம் கூறியது. போர்க்காலத்தில் அதிகாரி இருக்கத்தக்க இடம் நீதிமன்றத்தின் தாழ்வாரமன்று என்பதை யார்தான் மறுப்பர்? அவர்களை அங்கே நிற்கவைத்ததில், விடை கொடுத்த முறைக்குப் பெரும் பங்குண்டு.

இனி, நம் கருத்துக்கு மாறாகக் கூறப்படுவனவற்றையும் நடுநிலையில் நின்று கேட்போம். படைப் பணி மற்றப் பணி போன்றதன்று. கட்டளைக்குக் கீழ்ப்படிதலே அதன் உயிர். ஒவ்வொரு கட்டளைக்கும் காரணம் கேட்கும் படை போரில் வெல்லாது என்பர். உண்மையே. போர்க்களத்திற் காரணம் கேட்கலாகாது. ஆனால் பணியினின்று நீக்கும் ஆணை போர்க்களத்துக் கட்டளையன்று. அதனைப் பெற்றவர் மறுநாள் படைவீரரே அல்லர், ஒரு குடிமகன். குடிமகனுக்குரிய நியாயம் அவர்க்கும் உரியது.

இரகசியம் காக்கவேண்டிய இடத்தில் எல்லாவற்றையும் வெளிப்படையாகக் கூறவியலுமா என்று மற்றொரு தடை எழுப்புவர். இயலாதென்பதை ஒப்புகின்றோம். எதிரிக்குத் துணைபோனதாக ஐயுறப்பட்டவர்க்கு எல்லாச் சான்றையும் விரித்துக் காட்டுதல் நாட்டுக்குத் தீங்காகலாம். அத்தகைய வழக்குகள் மிகச் சிலவே. அவற்றுக்கெனச் செய்த விதிவிலக்கைக் காட்டி, ஆண்டுதோறும் விடைபெறும் அனைவர்க்கும் மௌனத்தையே பொது விதியாக்குதல் பொருந்தாது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஆயுதப் படைத் தீர்ப்பாயம் ஏற்பட்டிருக்கின்றது. சென்னையிலும் அதன் கிளையொன்று அமைந்தது. வெளியிடத்தகாத காரணத்தையும் அத்தகைய மன்றத்தின் கண்ணுக்கேனும் காட்டலாமன்றோ?

மிக உயர்ந்த பதவியிலும் இச்சிக்கல் எழுந்ததுண்டு. 1998 டிசம்பர் 30ஆம் நாள் கடற்படைத் தலைவர் அட்மிரல் விஷ்ணு பகவத் பதவியினின்று நீக்கப்பட்டு, வைஸ் அட்மிரல் சுஷீல் குமார் அவ்விடத்தில் அமர்த்தப்பட்டார். சுதந்திர இந்தியாவிற் பணியிலிருந்த படைத் தலைவரொருவர் அங்ஙனம் நீக்கப்பட்டது அதுவே முதன்முறை. சிவில் அரசாங்கத்துக்குப் படை அடங்கி நடத்தல் வேண்டுமென்பதில் நமக்குச் சிறிதும் ஐயமில்லை. அவ்வதிகாரம் அரசாங்கத்துக்கு இருந்தேயாகவேண்டும். ஆயினும் அன்று வேகமாக முடிந்த காரியம் அன்றோடு முடியவில்லை. காரணம் யாது என்னும் கேள்வி பத்திரிகைகளிலும் பாராளுமன்றத்திலும் திங்கட்கணக்காக எதிரொலித்தது. கூறாத காரணத்தின் இடத்தை வதந்தி வந்து நிரப்பும். இதனை அரசாங்கங்கள் உணர்தல் நலம்.

குறுகிய காலக் கமிஷன் பெற்றவர் தம் பணிக்காலம் பத்தாண்டு, நீட்டித்தால் பதினான்காண்டு என்று அறிந்தே சேர்கின்றனர். அறிந்ததை மீண்டும் அறிவிப்பானேன் என்பாரும் உளர். காலவரையறையை அறிவார் என்பது மெய். ஆனால் தங்குவாரா, செல்வாரா என்பதை அறியார். அம்முடிவு வருமளவும் அவர் குழந்தைகளைப் பள்ளியிற் சேர்க்கவும், வீடு பார்க்கவும், வேறு தொழிலுக்கு எழுதவும் இயலாது நிற்கின்றார். விடைபெறும் அதிகாரிகள் வேறு தொழிலுக்குப் பழகுவதற்கென அரசாங்கமே வகுப்புகள் நடத்துகின்றது. முடிவு தாமதமாக வந்தால் அவ்வகுப்புகளாற் பயன் என்ன?

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, 23ஆம் பிரிவின் சான்றிதழை அதிகாரிகளுக்கும் உரியதாக்கல் வேண்டும். நீக்கிய அதிகாரம், காரணம், பணியின் காலம் ஆகிய மூன்றும் அவர் தாய்மொழியிலும் எழுதப்பட்டு அவர் கையில் இருத்தல் வேண்டும். நான்கு வரிகளில் முடியும் காரியம் இது. இதனால் அரசாங்கத்துக்குச் செலவுமில்லை, ஆபத்துமில்லை. இரண்டாவது, காலம் முடிந்து செல்வோர்க்குத் தங்குதலா செல்லுதலா என்னும் முடிவை ஓராண்டுக்கு முன்னரேனும் அறிவித்தல் வேண்டும். ஒரு பள்ளியாண்டு கழியுமளவு அவகாசம் குடும்பமுடையவர்க்கு மிகையாகாது. மூன்றாவது, அச்செய்தியை அவருடைய தலைமை அதிகாரியே நேரில் அழைத்து, அமரச் செய்து, சொல்லல் வேண்டும். கெஜட்டும் பத்திரிகையும் நண்பர் வாயும் அதன் பின்னரே பேசலாம். நற்செய்தி சொல்லப் பலர் முன்வருவர். துயரச் செய்தியைத் தாமே சென்று சொல்லுதல் தலைவர்க்குரிய கடமையென்பதை இராணுவம் நன்கறியும். வீரர் மாண்டால் அச்செய்தியைக் குடும்பத்தார்க்கு எவ்வளவு கவனத்துடன் சேர்ப்பிக்கின்றனர்! உயிருடன் பிரிவோர்க்கு அதிற் பாதிக் கவனமேனும் தகும்.

நம் முன்னோர் புறத்திணைக்கு இலக்கணம் வகுத்தபொழுது, போருக்குப் புறப்படும் வீரர் மன்னனிடத்துப் பூப்பெறுதலையும், மாண்டவர்க்கு நடுகல் நாட்டுதலையும் தனித்தனித் துறைகளாகப் பாடினர். செல்வோர்க்கும் சிறப்பு உண்டு. மாண்டோர்க்கும் சிறப்பு உண்டு. பணி முடித்து உயிருடன் வீடு திரும்புவோர்க்குக் கொடுக்கும் விடைக்கு அத்துணைப் பெயர்பெற்ற சடங்கு நம்மிடத்தே இல்லை. அக்குறையை நிறைவு செய்வது நம் தலைமுறையின் கடமையாகலாம்.

மாணவ நண்பர்களே, உங்களுள் எல்லோரும் படையிற் சேரப்போவதில்லை. ஆயின் உங்களுட் பலர் நாளை ஆலையிலும் பாங்கியிலும் பள்ளியிலும் அரசாங்க அலுவலகத்திலும் பிறரை ஏவும் பதவியில் அமர்வீர்கள். என்றேனும் ஒருநாள் உங்கள் மேசைமீது ஒரு கடிதம் ஒப்பத்துக்காக வந்து நிற்கும். அதில் ஒருவருடைய பணி முடிந்ததென்று தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். அதனைப் படியாமல் ஒப்பமிட்டுத் தபாலிற் சேர்த்துவிடுவது மிக எளிது. அன்று இம்மூன்று கேள்விகளையும் நினைவிற் கொள்ளுங்கள்: காரணம் எழுதியிருக்கின்றதா? அவர்க்குப் போதிய காலம் கொடுத்திருக்கின்றோமா? இதனை நாமே நேரிற் சென்று கூறினோமா? மூன்றுக்கும் ஆம் என்னும் விடை கிடைத்த பின்னர் எழுதுகோலை எடுங்கள்.